பவளத்துக்கும் பசிக்கும்: கடல்நீர்த் தொட்டி கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நைட்ரேட், பாஸ்பேட் பற்றியவை, அதாவது தீனியும் மீன் கழிவும் தண்ணீரில் விட்டுப்போகும் சத்துகள் பற்றியவை. நம்மில் பலர் நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து கடல்நீருக்கு வந்தவர்கள். வரும்போதே "கழிவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். மீன் மட்டும் இருக்கும் தொட்டிக்கு அது சரி. பவளம் இருக்கும் தொட்டியில் அந்த எண்ணத்தால் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும், என் தொட்டியிலேயே போயிருக்கிறது. அதனால் லைட், பம்ப் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வணக்கம் சார். என்னுடையது 250 லிட்டர் ரீஃப் டேங்க், ஒன்றரை வருஷம் ஆகிறது. பவளங்களில் ஜோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் கோரல், மீன்களில் இரண்டு கோமாளி மீன், ஒரு ராயல் கிராமா. ஸ்கிம்மர் (கழிவை நுரையோடு வெளியே இழுக்கும் கருவி) 24 மணி நேரமும் ஓடுகிறது, பாஸ்பேட்டை இழுக்க ஜிஎஃப்ஓ (இரும்பு ஆக்சைடு குருணை), நைட்ரேட்டுக்கு பயோபெல்லட் (பாக்டீரியா தின்று வளரும் பிளாஸ்டிக் மணிகள்). நைட்ரேட் 0, பாஸ்பேட் 0. எல்லாம் சுத்தமாக இருந்தும் மூன்று வாரமாக மணலிலும் கல்லிலும் பழுப்பு நிறத்தில் சளி போலப் படர்கிறது, நூல் நூலாகத் தொங்குகிறது, நுனியில் குமிழ்கள். வாரம் இரண்டு தடவை தண்ணீர் மாற்றுகிறேன், கூடத்தான் செய்கிறது. நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன. (சென்னை, வேளச்சேரி)

பதில்: நீங்கள் எழுதிய "எல்லாம் சுத்தமாக இருந்தும்" என்ற இடத்தில்தான் சிக்கல் இருக்கிறது. சுத்தமாக இருப்பதால்தான் இது வந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் நுண்ணுயிர். ஆனாலும் ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். சயனோபாக்டீரியா, சுருக்கமாகச் சயனோ, என்றால் பாய் உரிவது மாதிரி ஒரே படலமாக உரிந்து வரும். டைனோ சளியாக, நூலாக வரும், காலையில் குறைந்து மதியத்துக்கு மேல் விளக்கு வெளிச்சத்தில் பெருகும். அந்தச் சளியைக் கொஞ்சம் தண்ணீரோடு உறிஞ்சி ஒரு பாட்டிலில் போட்டுப் பலமாகக் குலுக்குங்கள், காபி வடிகட்டும் பேப்பரில் வடிகட்டுங்கள், வடிந்த தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். தெளிவாக இருந்த தண்ணீரில் மறுபடியும் பழுப்புத் திரள் கூடினால் டைனோதான்.

ஏன் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தொட்டியின் கல்லிலும் மணலிலும் இடத்துக்குப் போட்டி நடந்துகொண்டே இருக்கிறது. பச்சைப் பாசி, டையாட்டம் என்ற பழுப்பு நுண்பாசி, பாக்டீரியா எல்லாம் அதில் சேர்த்தி, இவற்றுக்கெல்லாம் தண்ணீரில் கரைந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். நீங்கள் இரண்டையும் துடைத்து எடுத்துவிட்டீர்கள், போட்டியாளர்கள் வாடிவிட்டார்கள். டைனோக்களில் பல வகைகள் வெளிச்சத்தையும் சாப்பிடும், பாக்டீரியா போன்ற சின்ன உயிர்களையும் பிடித்துத் தின்னும், அதனால் பஞ்ச காலத்திலும் பிழைத்துக்கொள்கின்றன. காலியான நிலத்தில் அவைதான் இப்போது குடியேறியிருக்கின்றன. நீங்கள் தண்ணீர் மாற்றும்போது மிச்சம் மீதி இருந்த சத்தும் போகிறது, கூடவே புது உப்பிலிருந்து நுண் தனிமங்கள் வருகின்றன. தண்ணீர் மாற்றியதும் டைனோ பெருகியது என்று இதோடு போராடிய பலரும் சொல்வார்கள், நானும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே இன்றே ஜிஎஃப்ஓவை எடுத்துவிடுங்கள். பயோபெல்லட்டை ஒரே நாளில் நிறுத்த வேண்டாம், ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடலாம். தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள். மீனுக்குத் தீனியைக் கூட்டுங்கள். ஆனால் தீனியை மட்டும் நம்பினால் மாதக்கணக்கில் ஆகும், நேரடியாகச் சத்தைச் சேர்ப்பதுதான் வேகமான வழி. ஆய்வகத் தரத்தில் பொட்டாசியம் நைட்ரேட்டும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டும் வாங்குங்கள். உரக்கடையில் 13-0-45 என்றும் 0-52-34 என்றும் மூட்டையில் விற்பது இதே உப்புகள்தான், விலையும் மலிவு. ஆனாலும் வயலுக்குத் தயாரித்ததில் வேறு உலோகம் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்பதால் நான் தொட்டியில் போட மாட்டேன்.

கணக்கு இப்படி. 10 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லியில் சுமார் 6 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கும். கல்லும் மணலும் போக உங்கள் தொட்டியில் உண்மையான தண்ணீர் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம், 65 மில்லி ஊற்றினால் நைட்ரேட் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) ஏறும். பாஸ்பேட்டில் கை தவறக் கூடாது. ஒரே ஒரு கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்டை ஒரு லிட்டரில் கரையுங்கள், ஒரு மில்லியில் 0.7 மில்லிகிராம் பாஸ்பேட். 6 மில்லி ஊற்றினால் உங்கள் தொட்டியில் 0.02 பிபிஎம் ஏறும். ஒரு கிராமை அப்படியே தொட்டியில் கொட்டினால் 3.5 பிபிஎம், யோசித்துப் பாருங்கள். தினமும் அளந்து, நைட்ரேட் 5 முதல் 10க்குள்ளும், பாஸ்பேட் 0.1 பக்கத்திலும் நிற்கும்வரை ஊற்றுங்கள். முதல் வாரத்தில் நீங்கள் ஊற்றிய பாஸ்பேட் மறுநாளே காணாமல் போகும், பயப்பட வேண்டாம். சுண்ணாம்புக் கல் பாஸ்பேட்டைத் தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், ஜிஎஃப்ஓ ஓடிய தொட்டியில் கல்லே காய்ந்து கிடக்கும், அது குடித்து முடிக்கும்வரை தண்ணீரில் எண் ஏறாது.

எந்த டைனோ என்று தெரிந்தால் இன்னும் நல்லது. பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் போதும். நீர்த்துளி வடிவில், ஒரு முனையில் கட்டிப்போட்டது மாதிரி சுற்றிச் சுற்றி வந்தால் ஆஸ்ட்ரியாப்சிஸ். அது ராத்திரியில் கல்லை விட்டுத் தண்ணீரில் மிதக்க வரும், அதனால் நேராக டிஸ்ப்ளே தொட்டியிலிருந்தே தண்ணீர் எடுத்து அங்கேயே திருப்பிவிடும் யூவி (புற ஊதா விளக்குக் கருவி) ஒன்று நன்றாக வேலை செய்யும். முட்டை வடிவில் மணலோடு வழுக்கிப் போவது ஆம்ஃபிடினியம் என்றால் அது மணலை விட்டு வராது, யூவி வாங்கினால் காசு வீண். அதற்கு சத்தை ஏற்றி, போட்டிக்கு டையாட்டம் வளர விட்டு, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து கேளுங்கள். நத்தைகள் சாவது நஞ்சால்தான். 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் ஆஸ்ட்ரியாப்சிஸ் பெருகி, அலைத் திவலையை மூச்சில் இழுத்தே இருநூறு பேர் அளவில் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக மருத்துவமனைக்குப் போனார்கள். உங்களிடம் ஜோவாந்தஸும் இருக்கிறது, அதன் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கடுமையான நஞ்சு உண்டு. கையுறை போடாமல் கையை விடாதீர்கள். கல்லை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கவே வேண்டாம், அந்த ஆவியில் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் உண்டு.

கேள்வி: சிங்கப்பூரில் அக்ரோபோரா என்ற கல் பவளமும் மூன்று டாங் மீன்களும் வைத்திருக்கிறேன். நைட்ரேட் எப்போதும் 0, பாஸ்பேட் மட்டும் 0.25க்குக் குறையவே மாட்டேன் என்கிறது. கார்பன் டோசிங் (பாக்டீரியாவுக்கு வினிகர், வோட்கா போன்ற கார்பன் தீனி ஊற்றுவது) செய்கிறேன். ஜிஎஃப்ஓவை இரண்டு மடங்கு ஆக்கலாமா, அல்லது பாஸ்பேட்டைத் துகளாக்கிப் பிரிக்கும் லாந்தனம் குளோரைடு ஊற்றலாமா? ஆல்கலினிட்டி (தண்ணீரின் கார்பனேட் அளவு) 9.5 டிகிரி வைத்திருக்கிறேன், நுனிகள் சிலவற்றில் வெள்ளையாகக் கருகியது போல இருக்கிறது. (சிங்கப்பூர், தம்பனீஸ்)

பதில்: வேண்டாம். உங்கள் தொட்டிக்கு இப்போது தேவை நைட்ரேட். பாஸ்பேட்டைக் குறைக்க நைட்ரேட்டை ஊற்றச் சொல்கிறாரே என்று தோன்றும், கொஞ்சம் பொறுங்கள்.

நைட்ரஜனுக்குத் தொட்டியை விட்டு வெளியேற ஒரு கதவு இருக்கிறது. லைவ் ராக் என்ற, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடல் கல்லின் உள்ளே ஆக்சிஜன் எட்டாத துளைகளில் வாழும் பாக்டீரியா நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றிவிடும், அது காற்றோடு போய்விடும். பாஸ்பரஸுக்கு அந்தக் கதவு கிடையாது. ஸ்கிம்மர் கப்பில் போக வேண்டும், அறுவடை செய்த பாசியில் போக வேண்டும், ஜிஎஃப்ஓவில் ஒட்ட வேண்டும், தண்ணீர் மாற்றும்போது போக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயேதான். தீனியில் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்: உலர் தீனியில் பாஸ்பரஸ் சுமார் 1 சதவீதம். ஒரு கிராம் தீனியில் 10 மில்லிகிராம் பாஸ்பரஸ், பாஸ்பேட்டாகக் கணக்கிட்டால் 30 மில்லிகிராம். 100 லிட்டரில் எதுவும் வெளியே போகாவிட்டால் ஒரே நாளில் 0.3 பிபிஎம்.

நீங்கள் கார்பன் ஊற்றுகிறீர்கள். பாக்டீரியா அதைத் தின்று பெருகும், பெருகும்போது நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் சேர்த்து உடம்பாக்கும், அதை ஸ்கிம்மர் இழுக்கும், இதுதான் அந்த முறையின் அடிப்படை. நைட்ரேட் 0 என்றால் பாக்டீரியாவுக்கு ஒரு கை ஒடிந்த மாதிரி, அரிசி இருந்தும் உளுந்து இல்லாமல் இட்லி மாவு அரைக்க முடியாத நிலை. எவ்வளவு கார்பன் ஊற்றினாலும் பாஸ்பேட் அப்படியே நிற்கும். சோடியம் நைட்ரேட் கரைசல் செய்து தினம் 1 பிபிஎம் வீதம் ஏற்றி, 5ல் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பாஸ்பேட் தானாக இறங்க ஆரம்பிக்கும். சத்தை உறிஞ்ச வளர்க்கும் கீட்டோ என்ற நூல் பாசி வைத்திருந்தால் அதுவும் நிறம் திரும்பி வளரும்.

இது தொட்டிக்காரர்களின் கைப்பக்குவம் மட்டும் இல்லை. இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் யோர்க் வீடன்மானும் சிசிலியா டி'ஆஞ்சலோவும் பவளங்களைத் தொட்டியில் வளர்த்தே இந்தச் சமநிலையை ஆராய்ந்தவர்கள். 2013ல் அவர்கள் குழு வெளியிட்டது உங்கள் நிலைமைக்கு நேர் எதிரான கதை: நைட்ரேட் அதிகமாக இருந்து பாஸ்பேட் வற்றிப்போனால், பவளத்துக்குள் குடியிருக்கும் பாசி பாஸ்பரஸ் பட்டினியில் விழுந்து, வெயிலும் சூடும் ஏறும்போது சீக்கிரம் வெளுத்துவிடுகிறது. அதனால் உங்கள் 0.25ஐ விட பூஜ்யம்தான் எனக்கு அதிகப் பயம். ஜிஎஃப்ஓவை இரட்டிப்பாக்கியிருந்தால் அங்கேதான் போய் நின்றிருப்பீர்கள்.

நான் போய் நின்றேன். என் பழைய தொட்டியில் பாஸ்பேட் 0.3 இருந்தது, பவளங்கள் பார்க்க நன்றாகத்தான் இருந்தன. எண் பிடிக்காமல், ஒரு முழுப் பாக்கெட் ஜிஎஃப்ஓவை ரியாக்டரில் போட்டு ஒரே வாரத்தில் 0.02க்குக் கொண்டுவந்தேன். ஐந்து வருஷம் வளர்த்த ஒரு நீல அக்ரோபோரா அடியிலிருந்து உரிய ஆரம்பித்து மூன்றே நாளில் வெறும் வெள்ளை எலும்பாகிவிட்டது. அதை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து பாஸ்பேட்டை ஒரு வாரத்தில் பாதிக்கு மேல் குறைப்பதே இல்லை, ஜிஎஃப்ஓ போட்டால் பாக்கெட்டில் எழுதியிருப்பதில் கால் பங்குதான்.

கருகிய நுனிக்கு வருவோம். நைட்ரேட்டே இல்லாத தண்ணீரில் ஆல்கலினிட்டி 9.5 அதிகம். எலும்பு வேகமாக வளரத் தூண்டுகிறீர்கள், அதன் மேல் மூடும் திசுவுக்குச் சாப்பாடு இல்லை. வாரத்துக்கு அரை டிகிரி வீதம் இறக்கி 7.5, 8க்குக் கொண்டுவாருங்கள். லாந்தனம் குளோரைடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். வேலை செய்யும், ஆனால் அது உண்டாக்கும் வெள்ளைத் துகள் 5 அல்லது 10 மைக்ரான் துணிப்பையில் பிடிபடாமல் தொட்டிக்குப் போனால் டாங் மீன்கள் மூச்சுத் திணறிச் செத்ததைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்களிடம் மூன்று டாங் இருக்கிறது. நான் செய்ய மாட்டேன்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். அப்பா தொட்டி வைத்திருக்கிறார். உண்மையான பவளப்பாறைத் தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிட்டத்தட்ட இல்லை என்று பாடத்தில் படித்தேன். அப்படியென்றால் தொட்டியில் மட்டும் ஏன் 5, 10 வைக்கச் சொல்கிறீர்கள்? (மதுரை)

பதில்: ரொம்ப நல்ல கேள்விம்மா. பாடத்தில் படித்தது சரி. பாறைத் தண்ணீரில் நைட்ரேட் பெரும்பாலும் 0.2 பிபிஎம்முக்குக் கீழேதான், பாஸ்பேட் 0.02க்கும் கீழே. ஆனால் அந்த எண் இலையில் மிச்சம் இருப்பதைத்தான் சொல்கிறது, பரிமாறியதைச் சொல்லவில்லை. கல்யாணப் பந்தியில் ஒருவர் இலை காலியாக இருக்கிறது என்றால் அவருக்கு எதுவும் போடவில்லை என்று அர்த்தமா? போடப் போடச் சாப்பிடுகிறார், பரிமாறுகிறவர் வந்துகொண்டே இருக்கிறார். பாறையின் மேல் நாள் முழுக்கக் கடல் ஓடுகிறது, ஒவ்வொரு அலையிலும் மிதவை உயிரிகள் வருகின்றன, மேலே மீன் கூட்டம் கழித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த மீன் கூட்டத்தைப் பற்றி ஒரு அழகான ஆய்வு உண்டு. கரீபியனில் வர்ஜின் தீவுகளில் கிரண்ட் என்ற மீன்கள் ராத்திரி கடல்புல் வெளிகளில் மேய்ந்துவிட்டுப் பகலில் பவளத்தின் மேல் வந்து ஓய்வெடுக்கும். அந்தக் கூட்டம் தங்கும் பவளங்கள், தங்காதவற்றைவிட வேகமாக வளர்கின்றன என்று ஜூடி மேயரும் கூட இருந்தவர்களும் 1983ல் எழுதினார்கள். மீன் வெளியேற்றும் அமோனியாவைப் பவளம் நேரடியாக எடுத்துக்கொள்கிறது. நம் இந்தியப் பெருங்கடலிலேயே சாகோஸ் தீவுகளில் இன்னொன்று: எலி இல்லாத, கடற்பறவைகள் கூடு கட்டும் தீவுகளைச் சுற்றியுள்ள பாறைகளில் மீன்கள் அதிகம், வேகமாகவும் வளர்கின்றன, எலி புகுந்து பறவைகளை அழித்த தீவுகளில் அப்படி இல்லை. பறவை எச்சம் மழையில் கரைந்து கடலுக்கு வருகிறது. 2023ல் வீடன்மான் குழு இன்னொரு துண்டையும் சேர்த்தது: பவளம் தனக்குள் இருக்கும் பாசி கரைந்த சத்தைத் தின்று பெருகியதும் அதில் ஒரு பகுதியைச் செரித்தும்விடுகிறது, கிட்டத்தட்ட வீட்டுக்குள்ளேயே பயிர் செய்து சாப்பிடுகிற மாதிரி.

உங்கள் அப்பா தொட்டியில் அலையும் இல்லை, பறவையும் இல்லை, மிதவை உயிரிகளும் அவ்வளவாக இல்லை. பரிமாறுகிறவர் எப்போதாவது வருகிற பந்தியில் இலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் வேண்டும். நிறைய மீன் வைத்து, நிறையத் தீனி போட்டு, அதே அளவுக்கு ஸ்கிம்மரிலும் பாசியிலும் வெளியே எடுக்கிற தொட்டிகளில் நைட்ரேட் 1, பாஸ்பேட் 0.02 இருந்தாலும் பவளம் செழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அதே எண் இரண்டு மீன் இருக்கும் தொட்டியில் பட்டினி.

கேள்வி: ரெட்ஃபீல்ட் விகிதப்படி நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 16:1 இருக்க வேண்டும் என்கிறார்கள். என்னுடையது நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.08. அதாவது 100:1. எதைக் கூட்ட, எதைக் குறைக்க? பவளங்கள் நன்றாக இருக்கின்றன. (டொரோண்டோ, ஸ்கார்பரோ)

பதில்: உங்கள் கடைசி வாக்கியத்தை முதலில் படித்திருந்தால் பதில் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. எதையும் தொடாதீர்கள்.

ஆனாலும் இந்த 16:1 எல்லாரையும் குழப்புவதால் சொல்கிறேன். அமெரிக்காவின் ஆல்ஃபிரட் ரெட்ஃபீல்ட் 1934ல் எழுதத் தொடங்கிய விஷயம் இது. திறந்த கடலின் மிதவை உயிரிகளில் கார்பன், நைட்ரஜன், பாஸ்பரஸ் அணுக்கள் 106:16:1 என்ற விகிதத்தில் இருக்கின்றன என்பது அதன் சாரம். இது அணுக்களின் எண்ணிக்கை. நம் டெஸ்ட் கிட் காட்டுவது எடை. நைட்ரேட்டின் எடை 62, பாஸ்பேட்டின் எடை 95 என்று போட்டுக் கணக்கிட்டால் 16:1 என்பது பிபிஎம்மில் சுமார் 10:1 ஆகிவிடும். போதாததற்கு அது நடுக்கடல் மிதவைகளின் கணக்கு. பாறையிலும் மணலிலும் ஒட்டி வளரும் பாசி, கடல்புல் வகைகளை மார்லின் அட்கின்சனும் ஸ்டீஃபன் ஸ்மித்தும் 1983ல் அளந்தபோது 550:30:1 வந்தது, பிபிஎம்மில் அது 20:1க்குப் பக்கம். எந்த விகிதத்தைப் பிடிப்பீர்கள்? நைட்ரேட் 100, பாஸ்பேட் 10 என்றாலும் 10:1தான், அந்தத் தொட்டியைக் கற்பனை செய்துபாருங்கள். விகிதத்தைப் பிடிக்கப் போய் ஒன்றைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிடாமல் இருந்தால் போதும். இரண்டும் அளக்கும் அளவுக்கு இருக்கிறதா, வாரா வாரம் பெரிதாக ஆடாமல் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: வீட்டில் சாலிஃபெர்ட் கிட்டின் நிற அட்டையில் நைட்ரேட் 2 வருகிறது, கடையில் கொடுத்தால் 10 என்கிறார்கள். ஹன்னா செக்கர் என்ற மின்னணுக் கருவியில் பாஸ்பேட் நேற்று 0.00 பிபிஎம், இன்று 0.04. யாரை நம்புவது? (கோயம்புத்தூர்)

பதில்: முதலில் அலகைக் கேளுங்கள். சில கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். இரண்டாவது வகையை 4.4ஆல் பெருக்கினால்தான் நைட்ரேட் வரும். உங்கள் 2ஐப் பெருக்கினால் கிட்டத்தட்ட 9, கடைக்காரர் சொன்ன எண்ணுக்குப் பக்கத்தில் வருகிறது பாருங்கள். சாலிஃபெர்ட் அட்டை நைட்ரேட்டைத்தான் காட்டும் என்பதால் உங்கள் விஷயத்தில் வேறு காரணமாக இருக்கலாம்: குறைந்த அளவை அதில் பக்கவாட்டில் பார்த்துப் படித்து 10ஆல் வகுக்க வேண்டும், அங்கே பலர் தவறுவார்கள். கடைக்காரர் கிட்டின் தேதியையும் பாருங்கள். புதுத் தொட்டியாக நைட்ரைட் மிச்சம் இருந்தாலும் நைட்ரேட் எண் பொய்யாக ஏறிக் காட்டும்.

ஹன்னாவிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று பாஸ்பேட்டை பிபிஎம்மில் நேரடியாகக் காட்டும். இன்னொன்று பாஸ்பரஸை பிபிபியில் (பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு) காட்டும், அதை 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுக்க வேண்டும், 20 வந்தால் 0.06 பிபிஎம். அந்தக் கருவி கூடக்குறைய 5 பிபிபி தவறலாம் என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், பாஸ்பேட்டில் அது 0.015. உங்களுடையது போல பிபிஎம்மில் காட்டும் வகையில் தவறு இதைவிடவும் கூடுதல். ஆக 0.00க்கும் 0.04க்கும் நடுவில் உங்கள் தொட்டியில் ஒன்றுமே மாறாமல்கூட இருந்திருக்கலாம். ஒரே குப்பியில் பூஜ்யமும் அளவும் எடுங்கள், கைரேகையைத் துடையுங்கள், தூள் முழுக்கக் கரையட்டும், குமிழ் இல்லாமல் பாருங்கள், காலையில் தீனி போடுவதற்கு முன் ஒரே நேரத்தில் எடுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். மூன்று வார எண்களை நோட்டில் எழுதிய பிறகு பேசுவோம்.

கேள்வி: மீன்கள் அதிகம். நைட்ரேட் 60, பாஸ்பேட் 0.3. வினிகரா, வோட்காவா, எது நல்லது? அடுத்த வாரத்துக்குள் 5க்குக் கொண்டுவர வேண்டும். (கோலாலம்பூர்)

பதில்: அடுத்த வாரத்துக்குள் வேண்டாம், மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் 60 என்பது 54 ஆகும், அவ்வளவுதான், அதற்குள் தீனியில் மறுபடி ஏறும். அதனால் வெளியேற்றும் வழி ஒன்று தினமும் ஓட வேண்டும். இடம் இருந்தால் எனக்குப் பிடித்தது சம்ப்பில் (தொட்டிக்குக் கீழே இருக்கும் துணைத் தொட்டி) கீட்டோ பாசி, ராத்திரியில் விளக்கு போட்டு வளர்த்து, மாதம் ஒரு முறை பாதியை அள்ளிப் போடுவது. கையில் அள்ளிப் பிழியும்போது எவ்வளவு வெளியே போகிறது என்று கண்ணுக்கே தெரியும்.

கார்பன்தான் என்றால், சமையல் வெள்ளை வினிகர் போதும், நிறமோ மணமோ சேர்க்காதது. 40 சதவீத வோட்கா ஒரு மில்லியில் இருக்கும் கார்பன் 5 சதவீத வினிகர் 8 மில்லியில் இருக்கும். 100 லிட்டருக்குத் தினம் 1 மில்லி வினிகரில் தொடங்கி, வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். வினிகர் பிஹெச்சை இறக்கும், அதனால் விளக்கு எரியும் பகலில் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். பாக்டீரியா பெருகும்போது ஆக்சிஜனை உறிஞ்சும், ஸ்கிம்மர் ஒரு ராத்திரிகூட நிற்கக் கூடாது, தண்ணீர் பால் போலக் கலங்கினால் அன்றே ஊற்றுவதை நிறுத்துங்கள். நைட்ரேட் 10 தொட்டதும் அளவைக் குறைத்துவிடுங்கள். 5ல் நிற்கட்டும், அதற்குக் கீழே வேண்டாம், வேளச்சேரி வாசகர் கதையை மேலே படித்தீர்கள்.

கேள்வி: கோவளம் கடல் தண்ணீரையே பிடித்து வந்து பயன்படுத்தலாமா? உப்பு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. ராமேஸ்வரத்தில் ஒருவர் லைவ் ராக் தருகிறேன் என்கிறார், அதைப் போட்டால் நைட்ரேட் தானாகக் குறையும் என்கிறார். (செங்கல்பட்டு)

பதில்: தண்ணீர் எடுக்கலாம், காலம் பார்த்து. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கரையோரக் கடலின் உப்பு இறங்கிவிடும், சென்னைப் பக்கம் கூவம், அடையாறு முகத்துவாரங்கள் வழியாக ஊர்க் கழிவும் சேரும். அந்த மூன்று மாதமும் அதற்குப் பிறகு ஒரு மாதமும் எடுக்காதீர்கள். மற்ற மாதங்களில் முகத்துவாரத்திலிருந்து தள்ளி, முடிந்தால் படகில் போய் எடுங்கள். உப்பு 35 இருக்கிறதா, பாஸ்பேட் எவ்வளவு என்று அளந்துவிட்டு, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் வைத்து, தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டி எடுங்கள். கடலிலும் பாஸ்பேட் சில நாளில் ஏறியிருக்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும்.

லைவ் ராக்கைத் தொடாதீர்கள். கல் பவளங்கள் எல்லாமும், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி இவையும் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன, புலிக்கு இருக்கும் அதே பாதுகாப்பு. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்திருந்தாலும் குற்றம்தான், வாங்குகிறவருக்கும் சேர்த்து. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986ல் தேசியப் பூங்கா அறிவிக்கும் முன்பும், அதற்குப் பிறகும் பல வருஷம், அந்தப் பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தார்கள். அந்தத் தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்குள் போய்விட்டன. 1998, 2010, 2016 என்று பெரிய வெளுப்புகளைத் தாண்டி மிச்சம் இருப்பதை நம் தொட்டிக்காக உடைத்து வரக் கூடாது.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, துளையுள்ள கல் நைட்ரேட்டைக் குறைக்கும்தான். ஆனால் அதைச் செய்வது துளைக்குள் இருக்கும் பாக்டீரியா, எந்தத் துளையுள்ள கல்லிலும் அது குடியேறும். கடையில் விற்கும் செராமிக் கல் வாங்குங்கள். நண்பர் ஒருவருடைய நல்ல தொட்டியின் சம்ப்பில் ஒரு கல்லை ஆறு வாரம் போட்டு வைத்து எடுத்து வாருங்கள். நைட்ரேட் இறங்க நாலைந்து மாதம் ஆகும். அதுவரை வாரா வாரம் எண்களை எழுதி வைத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.